படகுக்காரன் விழுந்த பக்கம்

"ஏங்க, ஸ்டேப்ளர் பின் தீர்ந்துபோச்சே, வேற இருக்கா?" என்று என் மனைவி கேட்டாள்.

காலை ஏழேகால் மணி. நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். கன்னத்தில் நுரையோடு, "கடையிலேர்ந்து கொண்டு வர்றேன்" என்றேன்.

"நீங்க கொண்டு வர்றதுக்குள்ள எட்டாவது புத்தகமே வந்துரும்" என்று சொல்லிவிட்டு ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தாள். மடித்த தாளின் ஓரத்தில் நாலு தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மூணாவது துண்டு முடிஞ்சுது. மேஜை மேல வெச்சிருக்கேன். இனி உங்க முறை. குழம்புக் கையோட தொடாதீங்க." கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பதினொன்றரை மணிக்கு அவள் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. வெட்டுமேஜை முன்னால் நின்றவாக்கில் சாய்ந்துவிட்டாளாம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களிடம் சொல்வதற்குத்தான் விஷயம் இருந்தது, செய்வதற்கு எதுவும் இல்லை. அவளுக்கு ஐம்பத்தோரு வயது.

துண்டு என்று அவள் சொன்னதை விளக்க வேண்டும். 'சாம்பல்நதி' என்று ஒரு நெடுந்தொடர். அரசர்கள், மந்திரம், பேசும் மலைகள், நூற்றுக்கணக்கான பாத்திரங்கள். ஒவ்வொரு புத்தகமும் ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று நான்கு வருஷம் ஓடிவிடும். அதை நாங்கள் நான்கு பேர் ஒரே பிரதியில் படித்து வந்தோம். நான், என் மனைவி, பக்கத்துத் தெரு டிராயிங் டீச்சர், பஸ் ஓட்டுகிற தம்பி ஒருவன். ஒருவர் முடிக்க மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தோம். மூன்றாம் புத்தகம் வந்தபோது என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. துணி வெட்டும் கத்தியையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்து வந்து புத்தகத்தை நான்காக அறுத்தாள்.

டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, புத்தகத்தக் கொல்றியே!"

"கொல்லல டீச்சர். கை வேற, உடம்பு வேறன்னு பிரிக்கிறேன். சட்டைய அப்படித்தானே தைக்கிறோம்?"

இருபத்திரண்டு வருஷம் கட்டிங் பிரிவில் இருந்தவள். அத்தியாயம் முடிகிற இடம் பார்த்து வெட்டி, முதுகில் துணிப் பட்டை ஒட்டி, ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் நான்கு வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்தாள். ஆளுக்கு ஒரு தாள், அபிப்பிராயம் எழுத. எழுதினதும் மடித்துப் பின் அடித்துவிட வேண்டும். அடுத்த ஆள் துண்டைப் படித்து, தன் அபிப்பிராயத்தை எழுதிய பிறகுதான் முந்தையவர்களின் மடிப்பைப் பிரிக்கலாம். "இல்லன்னா ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் ஒப்பிப்பீங்க" என்பாள். வெட்டினவள் என்பதால் முதலில் அவள் படிப்பாள், பிறகு நான், பிறகு டீச்சர், கடைசியில் டிரைவர் தம்பி.

அந்த மடிப்புகளைப் பிரிக்கிற சுகத்துக்காகவே சில சமயம் நான் வேகமாகப் படித்ததுண்டு. டீச்சருக்கு வழியும் தூரமும் சரியாக இருக்க வேண்டும். "குதிரைகள் மூன்றே நாளில் மலையைத் தாண்டிவிட்டன. என் வரைபடத்தின்படி பதினொரு நாள் ஆகும்" என்று எழுதுவார். தொடரின் நிலப்பரப்பு முழுவதையும் அவர் சுவரில் வரைந்து வைத்திருந்தார். தம்பி இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டான்: "சண்டை அருமை. பேச்சு ஜாஸ்தி." என் மனைவிக்குத் துணி. "ராணி பட்டு உடுத்திக்கொண்டு சேற்றில் நாற்பது மைல் நடக்கிறாள். ஓரத்தில் ஒரு கறை இல்லை. இந்த ஆசிரியர் வீட்டில் துவைப்பது வேறு யாரோ" என்று ஆறாம் புத்தகத்துக்கு எழுதியிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் பத்துக்கு ஏழு போடுவேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். யாருக்கும் வலிக்காத மாதிரி பொருத்தியே பழகிவிட்டது. "உங்க ஏழ வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது" என்பாள்.

ஆறாம் புத்தகம் எங்கள் யாருக்குமே பிடிக்கவில்லை. ஏழாவது தேறுமா தேறாதா என்பதுதான் அந்த வருஷம் எங்கள் பேச்சு. ஏழாவது வந்தது. நான்காக வெட்டினாள். முதல் இரண்டு துண்டுகள் நாலு பேரையும் சுற்றி வந்தன. மூன்றாவதைத்தான் அன்று காலை தைத்து வைத்துவிட்டுப் போனாள். நான்காவதை அவள் படிக்கவில்லை.

மகள் வந்து பதினைந்து நாள் இருந்தாள். போவதற்கு முன் வீட்டை ஒழுங்கு செய்தாள். "அப்பா, அம்மாவோட இந்தப் புத்தகத்த உள்ள எடுத்து வெக்கட்டுமா?" என்று கேட்டாள். "இருக்கட்டும்மா" என்றேன். மேஜையின் ஒரு பக்கத்தில் அது இருந்தது. மறுபக்கத்தில் நான் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் வந்தார். மேஜையைப் பார்த்தார். டீ குடித்தார். "ஒண்ணும் அவசரமில்ல சார்" என்று, நான் எதுவும் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தார். அப்போதும் அதையே சொன்னார், கொஞ்சம் வேகமாக.

எனக்குத் தெரியாமல் இல்லை. சங்கிலியில் நான் நின்றால் எனக்குப் பின்னால் இரண்டு பேரும் நிற்க வேண்டியதுதான். துண்டை டீச்சரிடம் கொடுக்க வேண்டுமானால் நான் அதைப் படிக்க வேண்டும், எழுத வேண்டும், அவள் தைத்ததைப் பிரிக்க வேண்டும். அந்த மடிப்புக்குள் அவள் என்னிடம் இன்னும் சொல்லாத ஒன்று இருந்தது. இந்த உலகத்திலேயே அப்படி மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பிரித்துப் படித்துவிட்டால் அவள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்தது என்றாகிவிடும். அதனால் நான் படிக்கவே ஆரம்பிக்கவில்லை. படிக்காதவரை பிரிக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதிதானே. அதற்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்தான். என் மனைவியை அக்கா என்றும் என்னை அண்ணா என்றும் கூப்பிடுகிறவன். "உன் கணக்குப்படி நானும் இவரும் அண்ணன் தங்கச்சியாடா? முறைய மாத்தித் தொலையாத" என்று அவள் பலமுறை திட்டியும் அவன் மாற்றிக்கொண்டதில்லை. பையிலிருந்து ஏழாம் புத்தகத்தின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். அக்காவின் துண்டுக்கு அருகில் வைக்கவில்லை. தள்ளி, ஓரமாக வைத்தான்.

"கோச்சுக்காதீங்கண்ணா. தனியா ஒண்ணு வாங்கிட்டேன். உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு."

"நல்லதுதானே" என்றேன். உள்ளே சுருக்கென்றது. நான் கொடுக்கவும் மாட்டேன், அவர்கள் வேறு வழி பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது.

"எங்க நல்லது? செங்கல் மாதிரி கனக்குது. டெர்மினஸ்ல பதினஞ்சு நிமிஷம் நிக்கிறப்ப ஸ்டீயரிங் மேல வெச்சுப் படிக்கிறவன் நான். பழசு ஞாபகம் வரட்டும்னு மொதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், இத வெச்சா ஹாரன் அடிக்குது."

"என்னது?"

"சத்தியமா. ரெண்டு தடவ ஜனங்க வண்டி கெளம்பிருச்சுன்னு அடிச்சுப் புடிச்சு ஓடி வந்து ஏறிட்டாங்க. டைம் கீப்பர் வந்து, என்னய்யா பிரச்சினைன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? ராஜா செத்துட்டாரு சார்னா?"

ஐந்து மாதத்தில் முதல்முறை வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, வீட்டுக்குள் யாராவது கேட்டிருப்பார்களோ என்பதுபோல் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க வெட்டிக் குடுங்கண்ணா" என்றான்.

"நானா?"

"பின்ன நானா? நான் வெட்டினா கிழிச்ச டிக்கெட் மாதிரி இருக்கும். டீச்சர் புதுப் பிரதிய வேணாம்னுட்டாங்க. அக்கா எழுதினது இல்லாத புத்தகத்த நான் ஏன் படிக்கணும்னாங்க. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லண்ணா. நீங்க தப்பா நெனச்சாலும் சரி."

தப்பாக நினைக்கவில்லை. அந்த வாரம் கடையிலிருந்து வெர்னியர் அளவுகோலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அட்டை நீங்கலாகப் புத்தகத்தின் கனம் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் சொச்சம். நாலால் வகுத்தேன். பென்சிலால் கோடு போட்டேன். அவளுடைய கத்தியைப் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள், எடுத்துப் பிரித்தேன். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து மூன்று தடவை அறுத்தேன். நான்கு துண்டுகளையும் மேஜையில் நிறுத்தி அளந்தபோது ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் கூட வித்தியாசமில்லை. அவள் வெட்டினது இவ்வளவு சமமாக ஒருநாளும் இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தம்பி வந்து மூன்றாவதை மட்டும் எடுத்துப்போனான். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்கிற பழக்கத்தை அவன் விடவில்லை.

எங்கள் கடைக்கு நேர் எதிரேதான் பஸ் டெர்மினஸ். எட்டு நாள் கழித்து, மதியம், யூனிபாரத்தோடு சாலையைக் குறுக்கே தாண்டி ஓடி வந்தான். கையில் துண்டு.

"அண்ணா, விழுந்தானா இல்லையா? சொல்லுங்க, ஏழு நிமிஷத்துல வண்டி எடுக்கணும்."

கண் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பதறிப்போய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருப்பா விழுந்தது?"

"படகுக்காரன் சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "எண்ணூத்தி நாப்பத்தாறாம் பக்கம். அருவிக்கு மேல கயித்தப் புடிச்சுத் தொங்கறான். 'இடது கையை விட்டான். வலது' — அவ்வளவுதான். துண்டு முடிஞ்சுருச்சு. வலது என்ன? அக்கா வெட்டினா அத்தியாயம் முடியற எடத்துலதானே முடியும்?"

"நான் சமமா வெட்டினேன்."

"சமமாவா? பொறந்தநாள் கேக்காண்ணா இது?" தலையில் அடித்துக்கொண்டான். "ஆரம்பமும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. யாரோ ஒரு இளவரசன் எல்லார் கூடயும் நடந்துக்கிட்டிருக்கான். எப்ப வந்தான், எங்கேர்ந்து வந்தான், ஒண்ணும் புரியல. சரி, இந்தத் தொடர்ல அது சகஜம்தானேன்னு விட்டுட்டேன்."

அவள் வெட்டிய இரண்டாம் துண்டு ஐந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் முடியும். நான் வெட்டிய மூன்றாவது ஐந்நூற்று அறுபத்தைந்தில் தொடங்கியது. இருபத்துநாலு பக்கத்தை அவன் படிக்கவே இல்லை. அதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

"சரி விடுங்க. விழுந்தானா?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"வெளையாடாதீங்கண்ணா."

"நான் படிக்கல."

"அஞ்சு மாசமாவா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "படிச்சு முடிச்சிட்டீங்க, குடுக்கத்தான் மனசு வரலன்னு நாங்க நெனச்சோம். டீச்சரும் அப்படித்தான் சொன்னாங்க. அப்ப அக்கா எழுதினத நீங்க இன்னும் பாக்கவே இல்ல?"

"இல்ல."

எதிர்ப்பக்கத்திலிருந்து விசில் கேட்டது. "நான் வெட்டின நாலாவது துண்டு வீட்ல இருக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்கோ. வலது கை என்னாச்சுன்னு அதுல இருக்கும்" என்றேன்.

வாசலில் நின்று யோசித்தான். "வேணாம்ணா. நீங்க படிங்க. படிச்சிட்டு வந்து நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் அவன் அங்கயே தொங்கட்டும்."

"எனக்கு மாசக்கணக்கா ஆனா?"

"ஆகட்டும். அவன் ஒத்தக் கையிலதான் தொங்கறான். ஈவு இரக்கம் இருந்தா சீக்கிரம் படிங்க."

ஓடிவிட்டான். பெரியவர் இன்னும் நாற்காலிக் கையை விடவில்லை. "சீக்கிரம் படிச்சிருங்க தம்பி" என்றார் என்னிடம். "கை கடுக்குமில்ல."

அன்று கடை முடிந்து வந்ததும் மேஜைக்கு எதிரில், அந்தத் துண்டு இருந்த பக்கமாக உட்கார்ந்தேன். அடுத்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எண்ணூற்று நாற்பத்தேழைத் தேடிக்கொண்டு பின்பக்கமாகத் திறந்தபோது முதலில் வந்தது அந்த மடிப்புதான். நான்கு தையல், ஒரே நீளம், ஒரே இடைவெளி. அவசரத்தில் போட்டதுகூட அவளுக்கு அப்படித்தான் வரும். அதைத் தள்ளிவிட்டு நாற்பத்தேழை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. குறுக்கு வழியில் போவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பது போல. ஐந்நூற்று நாற்பத்தொன்றுக்குத் திருப்பினேன்.

முடிக்கப் பதினொரு நாள் ஆனது. காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம். ஏதாவது பக்கத்தில் அவள் கோடு கிழித்திருப்பாள், ஓரம் மடித்திருப்பாள் என்று தேடாமல் இருக்க முடியவில்லை. ஒன்றும் இல்லை. அவள் படித்த புத்தகத்தில் படித்த சுவடே இருக்காது. புது வெள்ளைத் துணியைத் தொடுகிற கையல்லவா. ஆகவே கதையைத்தான் படிக்க வேண்டியிருந்தது. நடந்தார்கள், நடந்தார்கள், நூறு பக்கத்துக்கு மேல் நடந்தார்கள். தம்பிக்குப் புரியாத இளவரசன் முழுதாகப் படித்த எனக்கும் புரியவில்லை.

படகுக்காரனைப் பற்றிச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. முதல் புத்தகத்திலிருந்து வருகிறவன். பெரிய வீரனில்லை, மந்திரம் தெரியாது. யார் வந்தாலும் ஆற்றைத் தாண்டவிடுவான். கூலி வாங்க மாட்டான், ஆனால் ஏறினவர்களையும் துடுப்புப் போடவைப்பான். ராஜாவானாலும் சரி. சட்டையைத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்வான் என்று முதல் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்காகவே என் மனைவி அவன் கட்சி. அவனைப் பன்னிரண்டு பக்கம் கயிற்றில் தொங்கவிட்டு, ஒரே வரியில் முடித்துவிட்டார் ஆசிரியர். "மூடுபனி அவனை வாங்கிக்கொண்டது." கீழே விழுந்த சத்தம்கூட இல்லை. அடுத்த பக்கத்தில் அவனோடு வந்தவர்கள் அடுப்பு மூட்டிக் கஞ்சி குடிக்கிறார்கள். ஒருவன் உப்பு போதவில்லை என்கிறான்.

எனக்கு வந்த கோபத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. பேனாவை எடுத்து என் தாளில் எழுதினேன்: "படகுக்காரன் செத்துவிட்டான். செத்தவனுக்கு ஒரு பக்கம் கூட ஒதுக்கவில்லை. காலையில் கூட இருந்தவனைப் பற்றி மாலையில் ஒரு பேச்சில்லை, உப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். இப்படி எழுதுகிறவருக்கு யாரும் போனதில்லை போலிருக்கிறது. பத்துக்கு மூன்று." ஏழுக்குக் கீழே நான் போட்ட முதல் மதிப்பெண் அது.

மடித்தேன். பின் அடித்தேன். விதிப்படி இனி தடை எதுவும் இல்லை. உடனே பிரிக்கவில்லை, குளித்துவிட்டு வந்தேன். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய சின்னக் கத்தரியின் நுனியால் ஒவ்வொரு தையலாக வெட்டினேன். இப்படி எழுதியிருந்தாள்:

"நடக்கிறார்கள், நடக்கிறார்கள், எனக்கே கால் வலிக்கிறது. புது இளவரசன் எதற்கு? பழைய ஆட்களுக்கே இன்னும் உடுப்பு தைத்து முடியவில்லை. மலையில் பனி பெய்கிறது, ஒருத்தி பருத்தியில் நிற்கிறாள். படகுக்காரன் சாகவில்லை. பிணத்தைக் காட்டினால்தான் நம்புவேன். எட்டாம் புத்தகத்தில் ஈரச் சட்டையோடு வந்து நிற்பான், இதைப் படிக்கிறவர்கள் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள். பத்துக்கு ஆறு. இந்த வீட்டில் ஒருவர் ஏழு போடுவார்."

அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் காலி. ஐந்து மாதம் நான் காவல் காத்தது இது. எனக்கென்று ஒரு வரிதான், அதிலும் கேலி. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் வாய் தானாக, "தப்பு. மூணு போட்டிருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டது. என் விஷயத்தில் அவள் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. அதை அவளிடம் காட்டிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. அதுவரை வராத மாதிரி வந்தது.

மறுநாள் துண்டை டீச்சர் வீட்டில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது டெர்மினஸுக்குப் போனேன். தம்பி பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தான்.

"விழுந்துட்டான்" என்றேன்.

எழுந்து நின்றுவிட்டான். "செத்துட்டானா?"

"ஆமா."

"யாராவது பாத்தாங்களா?"

"யாரு?"

"கூட இருந்தவங்கண்ணா. கீழ எறங்கிப் போய்ப் பாத்தாங்களா?"

"இல்ல. ஒரே பனி."

"அட, அப்ப சாகலண்ணா! ஆளப் பயமுறுத்திட்டீங்களே" என்று மறுபடி படியில் உட்கார்ந்துகொண்டான். அக்கா எழுதினதை விதிப்படி நான் அவனிடம் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஏழு வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் முடித்தோம். விட்டுப்போன இருபத்துநாலு பக்கத்தையும் தம்பி படித்தான். படித்த பிறகும் அந்த இளவரசன் யாரென்று தெரியவில்லை என்றான். அவள் வெட்டிய நான்காவது துண்டின் தாள்களில் முதலாவது வெறுமையாகவே இருந்தது. நாங்கள் மூவரும் அவரவர் தாளில் எழுதினோம். பிறகு ஒரு ஞாயிறு காலை டீச்சர் வீட்டில், அவருடைய வரைபடச் சுவருக்கு முன்னால் கூடினோம்.

பேச்சு நேராகப் படகுக்காரனிடம் போய் நின்றது. டீச்சர் பென்சிலால் அருவியைத் தொட்டார். "இருநூத்தி நாப்பது அடி. கீழ முழுக்கப் பாறை. ரெண்டாம் புத்தகத்துலயே சொல்லிருக்கார். பொழைக்க வழியே இல்ல."

"உங்க கணக்குல குதிரையெல்லாம் இன்னும் மலை ஏறிட்டிருக்கு டீச்சர்" என்றான் தம்பி. "அக்கா சொல்றதுதான் சரி. காட்டல, அதனால சாகல."

"அக்கா சொன்னா ஆச்சா?"

"ஆச்சு. அக்காவும் நானும் ஒரு கட்சி."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அவளுக்கு எப்பவும் இதே புத்திதான்! பஸ்ல தொலைஞ்சுபோன குடைக்கு, எங்கயாவது இருக்கும், வரும்னு நாலு வருஷமா சொல்லிட்டிருந்தா. வந்துச்சா? பிணத்தக் காட்டினாத்தான் நம்புவாளாம். காட்டிட்டா மட்டும் நம்பிட முடியுதா?"

கத்திவிட்டேன் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. டீச்சர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

"அப்ப உங்க ஓட்டு எந்தப் பக்கம்ணா?"

"செத்துட்டான். எழுதிக்கோ."

"நானும் அதுதான்" என்றார் டீச்சர். வரைபடத்தில் அருவிக்குப் பக்கத்தில், வெள்ளையாக இருந்த இடத்தில், பென்சிலால் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் 'இல்லை', ஒன்றில் 'இருக்கிறான்'. முதலாவதில் இரண்டு கோடு. இரண்டாவதில் தம்பிக்காக ஒரு கோடு. பிறகு பென்சிலை நிறுத்தினார். எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்கிறவர் அவர். அதைக் கேட்க அவருக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும்.

"சார், அவ நாலாவது துண்டப் படிக்கலையே. முழுசாப் படிக்காதவங்க ஓட்ட எடுத்துக்கலாமா?"

தம்பி வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"எடுத்துக்கலாம். நாலாவதுல படகுக்காரனப் பத்தி ஒரு வரி கெடையாது. படிச்சிருந்தாலும் அவ மாத்திக்க மாட்டா. உங்களுக்கே தெரியும், நாம மூணு பேரும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினாலும் மாத்திக்க மாட்டா."

"அவ சொல்றது தப்புன்னுதானே இப்பக் கத்தினீங்க?"

"தப்புதான். போடுங்க."

டீச்சர் கோடு போட்டார்.

அது நடந்து மூன்று வருஷமாகிறது. எட்டாம் புத்தகம் இன்னும் வரவில்லை. இந்த வருஷம் வரும் என்கிறார்கள், போன வருஷமும் அப்படித்தான் சொன்னார்கள். டீச்சர் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து வரைபடத்தைத் திரும்ப வரைந்தார். ஆறு ஒன்று இடம் மாறியது, இரண்டு மலைகள் காணாமல் போயின. அருவிக்குப் பக்கத்தில் கணக்கு மட்டும் இரண்டுக்கு இரண்டு என்றே இருக்கிறது.